கனவில் "பார்த்தேன்" என்றால்: பார்வையற்றவர்களின் உறக்கத்துக்குள் நடப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பார்வை இழந்த ஒருவரோடு நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுவார்கள்: "உங்களுக்குக் கனவெல்லாம் வருமாண்ணே?" வரும். மற்றவர்களுக்கு வருவது போலவே வரும். ஓர் இரவில் நாலைந்து தடவைகூட வரும், பெரும்பாலானவை விடிவதற்குள் மறந்தும் போகும். அந்தக் கனவுக்குள் என்ன இருக்கும் என்பதற்குத்தான் ஒரே பதில் கிடையாது. பதிலை முதலில் தீர்மானிப்பது, அவருக்கு எந்த வயதில் பார்வை போனது என்பது. இன்றைக்குக் கண் எந்த அளவு கெட்டிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

இந்த வயதுக் கணக்கு இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1838இல் ஜெர்மானிய மருத்துவர் ஹீர்மன், பார்வையற்ற 101 பேரின் கனவுகளைப் பற்றி விசாரித்து எழுதினார். 5 வயதுக்கு முன்பே பார்வை இழந்தவர்களின் கனவில் காட்சி இல்லை. 7 வயதுக்குப் பிறகு இழந்தவர்களுக்குக் காட்சி இருந்தது. இடைப்பட்ட வயதில் இழந்தவர்களில் சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. 50 ஆண்டு கழித்து, 1888இல், அமெரிக்க உளவியலாளர் ஜோசஃப் ஜாஸ்ட்ரோவும் அதே எல்லைக்கோட்டைத்தான் கண்டார். 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பார்வையற்ற 15 பேரிடமிருந்து 372 கனவுகளைச் சேகரித்து வரிவரியாக அலசியபோதும் அந்தக் கோடு பெரிதாக நகரவில்லை.

ஏன் 5லிருந்து 7? மூன்று வயதில் பார்வை போன பிள்ளை அம்மாவின் முகத்தை மூன்று வருஷம் பார்த்திருக்கிறதே, அது எங்கே போயிற்று? பார்ப்பது வேறு, கண்ணின் உதவி இல்லாமல் மனத்துக்குள் காட்சியை எழுப்புவது வேறு. இரண்டாவது திறமை மெல்லத்தான் முதிர்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஃபோக்ஸ், கண் தெரிந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் உறக்க ஆய்வகத்தில் தூங்கவைத்து எழுப்பிக் கேட்டார். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்ல அதிகம் எதுவும் இருக்கவில்லை. சொன்னதும் அசையாத ஒற்றைப் படம் போல இருந்தது. ஏழெட்டு வயதில்தான் ஆட்கள் நடமாட, ஒன்றிலிருந்து ஒன்று தொடரும் கனவுகள் வந்தன. அந்தத் திறமை ஊன்றுவதற்கு முன் பார்வை போனால் கனவில் காட்சி தங்குவதில்லை. ஊன்றிய பிறகு போனால், கண் போனாலும் திறமை போவதில்லை.

இந்தக் கணக்கை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். தோட்டப்புற ஊர்களில் நாம் சந்திக்கும் பார்வையற்றவர்களில் மிகப் பலர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் அல்லர். 2014இல் மலேசியாவில் நடந்த தேசியக் கண் ஆய்வு, 50 வயதைத் தாண்டியவர்களில் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றவர்கள் என்றது. அதில் பாதிக்கும் மேல் அறுவை செய்யாமல் விட்ட கண்புரை. இனிப்புநீரால் (நீரிழிவால்) கெட்ட விழித்திரையும் முக்கியமான காரணங்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டு தேசிய நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடம் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஆகவே நாற்பதிலோ ஐம்பதிலோ அறுபதிலோ பார்வை போனவர்கள்தான் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கனவில் நிறம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காட்சிகளுக்கு ஒரு தேதி உண்டு. 1985இல் பார்வை இழந்த ஒரு பால்மரம் வெட்டும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவருடைய தீம்பார் இன்று செம்பனைக் காடாகியிருக்கும். லயங்களை இடித்திருப்பார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஆள் கூடிய களம் புல் மண்டிக் கிடக்கும். மகன் வந்து இதையெல்லாம் சொல்லியிருப்பான், அவருக்கும் தெரியும். ஆனாலும் கனவில் அவர் தலைவிளக்கோடு நிரை நிரையாக நிற்கும் கித்தா (ரப்பர்) மரங்களுக்குள்தான் நடப்பார். பட்டையில் உளி இறங்கிய கோட்டில் பால் வெள்ளையாக வடிந்து மங்கில் சொட்டுவது தெரியும். செம்பனை அவர் காதால் கேட்டது, கித்தா கண்ணால் கண்டது. அவர் கனவைக் கேட்கும் பேரப்பிள்ளைகள் "தாத்தா பழசையே நினைச்சுக்கிட்டு இருக்காரு" என்று வருத்தப்படத் தேவையில்லை. காட்சிக் கிடங்கில் சரக்கு வந்து சேர்வது அந்த ஆண்டோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

மனிதர்களும் அப்படியே. பார்வை இருந்தபோது பார்த்த மனைவி அதே வயதில் வருவார். பிறகு பிறந்த பேத்தியின் முகம் அவருக்குத் தெரியாது. அவள் கனவில் வரும்போது குரலாக மட்டும் வரலாம். மடியில் ஏறும் கனமாக வரலாம். தெரிந்த முகம் ஒன்றை மனம் இரவல் வாங்கி அவளுக்கு ஒட்டிவிட்டதாகவும் பலர் சொல்வதுண்டு.

இது என்றைக்கும் இப்படியே நிற்பதில்லை. 2014இல் டென்மார்க்கில் மெயாய்டியும் அவருடைய குழுவினரும் பிறவியிலேயே பார்வையற்ற 11 பேர், பிற்காலத்தில் பார்வை இழந்த 14 பேர், பார்வையுள்ள 25 பேர் ஆகியோரை நாலு வாரம் கனவுக் குறிப்பு எழுதவைத்தார்கள். பார்வை போய் ஆண்டுகள் கூடக்கூடக் கனவில் காட்சி குறைந்துகொண்டே வந்தது. முதலில் மங்கும், பிறகு எப்போதாவது ஒரு நாள் வரும். நெடுங்காலம் பார்வையின்றி இருந்தவர் ஒருநாள் காலையில் "இப்பல்லாம் கனவுல வெளிச்சமே இல்ல" என்று சொன்னால், அது இரண்டாவது முறை பார்வை போன மாதிரியான துக்கம். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சின்ன விஷயமாக எண்ணித் தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்று. பார்வை போன பிறகுதான் அப்பாவுக்கு இவ்வளவு கனவு வருகிறது என்று சில வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலும் இதன் விடை கண்ணில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்கள் இமைக்குள் வேகமாக ஓடும் கட்டம் ஒன்று வரும். கதை போன்ற கனவுகள் அதிகம் விளைவது அந்தக் கட்டத்தில்தான். முன்னிரவில் சில நிமிடமே இருக்கும் இது, விடியற்காலையை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். முப்பது வருஷம் விடிகாலை 4 மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவர் அந்தக் கடைசி நீண்ட கட்டத்தைத் தினமும் பறிகொடுத்தவர். வேலையை விட்ட பிறகு 7 மணிவரை தூங்கினால், முன்பு அறுபட்ட கனவுகள் முழுசாக வந்து நினைவிலும் நிற்கும்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் கனவு வேறு உலகம். பிறந்த நாளிலிருந்து விழித்திரை வேலை செய்யாதவர்கள், குறைமாதத்தில் பிறந்து விழித்திரை கெட்டவர்கள், கருவில் இருக்கும்போதே தாய்க்கு ரூபெல்லா வந்து கண் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இந்த வகையில் வருவார்கள். அவர்கள் கனவு "இருட்டாக" இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இருட்டு என்பதே கண் தெரிந்தவர்களின் அனுபவம். நம் முழங்கைக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது? அங்கே எதுவும் தெரிவதில்லை, இருட்டும் தெரிவதில்லை. பிறவியில் பார்வையற்றவருக்குக் கனவிலும் விழிப்பிலும் காட்சி என்கிற பக்கமே அப்படித்தான்.

அந்த இடத்தை மற்றப் புலன்கள் நிரப்புகின்றன. டென்மார்க் ஆய்வில், கனவில் ஒரு முறையாவது சுவை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் பார்வையற்றோரில் ஏறத்தாழ 18 விழுக்காடு, பார்வையுள்ளோரில் 7. வாசனை 30க்கு 15. தொடு உணர்வு 70க்கு 45. ஒலி 86க்கு 64. வாசனைக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கனடாவில் 1998இல், பொதுவான மக்களின் 3,372 கனவுகளை அலசியதில் வாசனையோ சுவையோ உள்ள கனவு 1 விழுக்காடு அளவே இருந்தது. கண் தெரிந்தவர்களுக்கு மூக்கு கனவில் ஏறக்குறைய வேலை செய்வதே இல்லை. கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டைகளை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது வரும் நாற்றத்தை விழிப்பில் ஊரே முகர்கிறது. கனவுக்குள் அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த வளைவை மூக்காலேயே அறிந்தவர்தான்.

இதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பிறவியிலேயே பார்வை இல்லாத பத்து வயதுப் பையனிடம் அவனுடைய அத்தை கனவைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அத்த, நேத்து ராத்திரி கனவுல பாட்டியப் பார்த்தேன்."

"பாட்டின்னு எப்படிடா தெரிஞ்சுச்சு?"

"கன்னத்தத் தொட்டாங்க. அவங்க கை சொரசொரன்னுதானே இருக்கும். கோடாலித் தைலம் வாசம் வந்துச்சு."

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

"நூல் சேலை. மொடமொடன்னு இருந்துச்சு."

அத்தை நிறத்தை மனத்தில் வைத்துக் கேட்டார். பையன் துணியின் தன்மையைச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளில் பேசினாலும் பேச்சு தட்டுப்படாமல் ஓடியது. இங்கேதான் தமிழைக் கவனிக்க வேண்டும். நாம் தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம். போய்ப் பார்க்கிறோம், பேசிப் பார்க்கிறோம். "பார்" தமிழில் கண்ணுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொல் அல்ல. "கனவு காண்பது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "எனக்கு ஒரு கனவு வந்துச்சு" என்கிறோம். காணாமலும் கனவு வரலாம் என்பதற்கு மொழியிலேயே இடம் இருக்கிறது. ஆகவே பிறவியில் பார்வையற்ற தமிழர் ஒருவர் "கனவில் பார்த்தேன்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அதிசயமாகப் பார்வையும் வந்துவிடவில்லை. அவர் பேசுவது நல்ல தமிழ்.

இந்த நுணுக்கத்தில்தான் ஆய்வாளர்களே முட்டிக்கொண்டார்கள். 2003இல் லிஸ்பனில் பெர்டோலோ குழுவினர், பிறவியிலேயே பார்வையற்ற 10 பேரின் உறக்கத்தையும் மூளை அலைகளையும் பதிவு செய்து, கனவைச் சொல்லவும் அதைக் காகிதத்தில் வரையவும் கேட்டார்கள். வந்த படங்களில் வீடு, மரம், ஆள் எல்லாம் இருந்தன. அதை வைத்து, பிறவியில் பார்வையற்றவர்களின் கனவிலும் காட்சி உண்டு என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே நான்சி கெரும் வில்லியம் டோம்ஹாஃபும் மறுத்தார்கள். மேசையின் வடிவத்தைக் கையால் தடவியே அறியலாம், அறிந்ததை வரையவும் செய்யலாம். வடிவம் தெரிவது காட்சி தெரிவதாகாது. மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக இந்தக் கட்டுரை கருதுகிறது. வீட்டுக்குள் அடுப்படி எந்தப் பக்கம், கிணற்றடிக்கு எத்தனை எட்டு, சாமிமேடை எவ்வளவு உயரம் என்று இடத்தின் முழு வரைபடமும் பார்வையற்றவரின் மனத்தில் இருக்கிறது. கனவு அந்த வரைபடத்துக்குள் நடக்கிறது. அதற்கு வெளிச்சம் தேவையில்லை.

புலனே இல்லாத அறிதலும் கனவில் உண்டு. "மாமா அங்க இருந்தாரு. எப்படின்னு கேட்காதீங்க, இருந்தாரு." கண் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். அவர்கள் எழுந்த பிறகு அதற்கு ஒரு முகத்தை ஒட்டிச் சொல்லிவிடுவார்கள். பார்வையற்றவர் ஒட்டாமல் அப்படியே சொல்வார்.

கனவுக் கட்டத்தில் கண்கள் ஓடும் என்று சொன்னோம். பார்வையற்றவரின் கண்ணும் ஓடுமா? 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்தக் கட்டத்தைக் கண்டறிந்த பிறகு, கண் ஓடுவது கனவுக் காட்சியைத் துரத்துவதற்காகத்தான் என்ற எண்ணம் பரவியது. 1962இல் பிரிட்டனில் பிறவியில் பார்வையற்றவர்களை அளந்தபோது கண் அசைவே பதிவாகவில்லை. காட்சி இல்லை, ஆகவே ஓட்டமும் இல்லை என்று முடிவு கட்டினார்கள். தவறு கருவியில் இருந்தது. கண்ணின் முன்பக்கத்துக்கும் விழித்திரைக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டு. கண் திரும்பும்போது அந்த அழுத்தமும் திரும்புவதை நெற்றியோரத்தில் ஒட்டிய மின்முனைகள் பிடிக்கும். விழித்திரை செத்துப்போன கண்ணில் அந்த அழுத்தமே சுருங்கிவிடுகிறது. கண் அசைந்தாலும் காகிதத்தில் கோடு அசையாது. 1965இல் அமெரிக்காவில் இமையின் மேல் அழுத்தத்தை நேரடியாக உணரும் கருவியை வைத்து அளந்தபோது, பிறவியில் பார்வையற்றவர்களுக்கும் அசைவு இருந்தது. பார்வையுள்ளவர்களைவிடக் குறைவாக, ஆனாலும் இருந்தது. கண் ஓடுவதை வைத்துக் கனவில் காட்சி உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

பிடரிப் பக்கத்து மூளையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி சும்மா கிடப்பதும் இல்லை. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது அந்தப் பகுதி உழைப்பதை 1996இல் சடாட்டோ குழுவினர் படமெடுத்துக் காட்டினார்கள். பிறவியிலேயே பார்வையற்று, பிரெயில் சரளமாகப் படித்த ஒரு பெண்மணிக்கு அந்தப் பகுதியின் இரு பக்கமும் பக்கவாத நோயால் கெட்டபோது, விரலில் தொடு உணர்வு இருந்தும் எழுத்து புரியாமல் போயிற்று. 2000இல் இது பதிவானது. கண்ணுக்காக ஒதுக்கிய வயலில் விரல் பயிர் செய்கிறது. கனவிலும் அந்த வயல் தரிசாகக் கிடக்கும் என்று எண்ணக் காரணம் இல்லை.

கெட்ட கனவு விஷயத்துக்கு வருவோம். குடும்பங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். டென்மார்க் கணக்கில், பிறவியில் பார்வையற்றவர்களின் கனவுகளில் 25 விழுக்காடு கெட்ட கனவுகள். பிற்காலத்தில் இழந்தவர்களுக்கு 7, பார்வையுள்ளவர்களுக்கு 6. 1999 அமெரிக்க ஆய்விலும், நடக்கிற, பயணம் போகிற கனவுகளில் பார்வையற்றவர்களுக்கு இடர் கூடுதலாக இருந்தது. வழி தப்பிப்போதல், கார் வந்து மோதுதல், குழியில் விழுதல் என்று வருபவை பேய்பிசாசுக் கதைகளே அல்ல. விழிப்பில் தினமும் கூடவே வரும் ஆபத்துகள். சுங்கை சிப்புட்டின் கடைத்தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை மட்டம் மாறும். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். மூடியில்லாத லொங்காங் (சாக்கடை) ஓரத்திலேயே ஓடும். பகலில் கோல் நுனி அந்த விளிம்பைத் தட்டித் தப்பித்த பயம் இரவில் முழுதாக நடந்து முடிகிறது. கனவு ஒத்திகை என்று சில ஆய்வாளர்கள் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எப்படியோ போகட்டும். ஒரே இடம் கனவில் திரும்பத் திரும்ப வந்தால், பகலில் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்க் கோலால் அளந்து, பிடிமானங்களை எண்ணி, நாலு முறை நடந்து பழகுவது பலன் தரக்கூடியது. மந்திரிப்பதைவிட இது எத்தனையோ மேல்.

எல்லாக் கெட்ட கனவும் மனத்திலிருந்தே வருவதில்லை. இனிப்புநீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நடு இரவில் அலறி எழுந்து, உடம்பு சில்லென்று, பனியன் வியர்வையில் நனைந்து, காலையில் தலைவலியோடு இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. விடிகாலை 3 மணி வாக்கில் அளந்து பாருங்கள். 3.9 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஆள் சுயநினைவு தடுமாறி, விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு உணவைத் தவிர்த்துவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அளவை வாய்விட்டுச் சொல்லும் கருவிகள் கிடைக்கின்றன. பார்வையற்றவர் மற்றவரை எழுப்பாமல் தானே அளந்துகொள்ளலாம்.

கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் சிலருக்குக் கெட்ட கனவைத் தரும். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலப்பதால் இது நேர்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கலப்பது குறையும். கனவுக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் மிச்சமிருக்கும் பார்வையும் போகும். மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

வெளிச்சம் கொஞ்சமும் எட்டாதவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். காலை வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சமே எட்டாவிட்டால் கடிகாரம் தன் போக்கில் ஓடும். முழுப் பார்வையற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இப்படி நடக்கிறது. ஒருவரின் கடிகாரம் 24.5 மணி நேரம் என்றால் தூக்கம் வரும் நேரம் நாளுக்கு அரை மணி தள்ளும். 24 நாளில் இரவும் பகலும் தலைகீழாகும். 48 நாளில் சுற்றி வந்து சரியாகும், பிறகு மறுபடி தள்ளும். வீட்டில் "ரெண்டு வாரம் நல்லா இருக்காரு, ரெண்டு வாரம் ராத்திரியெல்லாம் உலாத்துறாரு, பகல்ல தூங்கி வழியறாரு" என்பார்கள். சோம்பல் என்றும் திட்டுவார்கள். கனவுக் கட்டமும் இந்தக் கடிகாரத்தைப் பின்தொடர்வதால், பகல் தூக்கத்தில் கனவு பொங்கி வரும். ஒரு வாரக் குறிப்பில் இது பிடிபடாது. படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் மூன்றையும் இரண்டு மாதம் குறித்து எடுத்துப் போனால் மருத்துவருக்குக் கோடு தெரியும். படுக்க விரும்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாக மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்த 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் 7 பேரில் 6 பேருக்குக் கடிகாரம் நிலைகொண்டது. வேறு வேறு நேரத்தில் எடுத்தால் பலிக்காது. தினம் ஒரே நேரம் என்பதுதான் மருந்தின் பாதி. அளவை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

கனவு என்று தவறாக எண்ணப்படும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பார்வை பாதி போன முதியவர் பட்டப்பகலில், விழித்துக்கொண்டிருக்கும்போதே, முற்றத்தில் சின்னச் சின்ன ஆட்கள் நிற்பதாகவோ சுவரெல்லாம் பூக்கோலம் ஓடுவதாகவோ சொல்வார். சத்தம் இருக்காது, வாசனை இருக்காது. அது நிஜமில்லை என்று அவருக்கே தெரியும். 1760இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் போனே தம் பாட்டனாருக்கு இப்படி நேர்ந்ததை எழுதினார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. கண்ணிலிருந்து செய்தி வராமல் போனதால் மூளையின் பார்வைப் பகுதி தானாகப் படம் போட்டுக்கொள்வதே காரணம். இது காத்துக்கருப்பு அல்ல, புத்தி பேதலிப்பும் அல்ல. விளக்கைப் போடுவது, கண்ணை இடமும் வலமுமாகப் பல முறை ஓட்டுவது, எழுந்து நடப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் கலைந்துவிடும். சத்தமும் சேர்ந்து கேட்டாலோ, நிஜம் என்றே அவர் நம்பினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்வையற்றவரின் கனவைக் கேட்டுப் பதிந்து வைப்பது, நாம் மேலே பார்த்த எல்லாவற்றுக்கும் உதவும் வேலை. தலையணைக்குப் பக்கத்தில் கைபேசியை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக வைத்திருக்க வேண்டும். விழித்ததும் எழுந்து உட்காராமல், பக்கம்கூடத் திரும்பாமல், இரண்டு நிமிடத்துக்குள் பேசிப் பதிய வேண்டும். மின்னல் எஃப்எம் வானொலியைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்லலாம் என்றால் கனவு கரைந்துவிடும். முதலில் கடைசியாக நடந்தது, அதிலிருந்து பின்னோக்கி. இடம், ஆட்கள், நடந்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகே புலன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேதியும், முந்தைய இரவு எடுத்த மருந்தும், படுத்த நேரமும் கடைசியில்.

இன்னொருவர் கேட்டு எழுதினால் கேள்வியில் கவனம் வேண்டும். "என்ன தெரிஞ்சுச்சு?" என்று தொடங்கினால் அவர் கண் தெரிந்தவரின் கனவைச் சொல்ல முயல்வார். "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "அது இன்னார்னு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது தேவைப்படுவது அரிது. பிற்காலத்தில் பார்வை இழந்தவரிடம் மட்டும், எந்த ஆண்டில் பார்வை போனது என்பதைக் குறிப்பின் மேலே எழுதிவைத்துக்கொண்டு, நிறம், வெளிச்சம், முகம் பற்றித் தனித்தனியாகக் கேட்கலாம்.

எழுதும்போது அவர் சொன்ன வினைச்சொல்லை மாற்றக் கூடாது. பிறவியில் பார்வையற்ற பையன் "பாட்டியப் பார்த்தேன்" என்றால் குறிப்பிலும் "பார்த்தேன்" என்றே இருக்க வேண்டும். அதைத் திருத்தி "உணர்ந்தேன்" என்று போட்டுவிட்டால், அடுத்து அதைப் படிப்பவருக்கு அந்தச் சொரசொரத்த கையும் தைலத்தின் வாசமும் எங்கே இருந்தன என்று தேடத் தோன்றாது.